ஒரே மனிதர், ஏழு பெயர்கள்: இடப்பெயர்வுச் செய்திகளைப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு

செய்தி மேசையில் சேர்ந்த முதல் ஆண்டில் நான் செய்த தவறு இது. ஓர் அறிக்கையில் அகதிகள் இத்தனை பேர் என்று இருந்தது. இன்னோர் அறிக்கையில் பேரிடர்களால் நிகழ்ந்த இடப்பெயர்வுகள் இத்தனை என்று இருந்தது. இரண்டையும் கூட்டி, ‘இத்தனை கோடிப் பேர் வீடிழந்தனர்’ என்று தலைப்பும் கொடுத்துவிட்டேன். பக்கம் அச்சுக்குப் போகும் முன் மூத்த துணை ஆசிரியர் அழைத்தார். “இதில் எத்தனை பேரை இரண்டு தடவை எண்ணியிருக்கிறீர்கள்?” என்று கேட்டார். பதில் தெரியாததுகூடப் பெரிதில்லை. கேள்வியே புரியவில்லை என்பதுதான் அன்று உறுத்தியது.

மாணவராகவோ செய்தியாளராகவோ தன்னார்வலராகவோ இந்தத் துறைக்குள் வருபவர்கள் பெரும்பாலும் எண்ணில்தான் முதலில் தடுக்கி விழுகிறார்கள். எண்ணைப் பிறகு பார்க்கலாம், பெயரிலிருந்து தொடங்குங்கள். ஒரு மனிதரை அகதி என்று எழுதுவதா, தொழிலாளி என்று எழுதுவதா, ஊடுருவியவர் என்று எழுதுவதா என்பதை அவர் முடிவு செய்வதில்லை. ஒரு சட்டமோ, ஓர் அரசாணையோ, எல்லையில் மேசை போட்டு அமர்ந்திருக்கும் ஓர் அலுவலரோ முடிவு செய்கிறார். பெயர் மாறினால் எண் மாறும். எண் மாறினால் தலைப்பு மாறும். ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். கடைசியில் தேவைப்படும்.

படி 1: சொல்லைச் சரிபாருங்கள்

‘அகதி’ என்ற சொல்லைப் பிரித்தால் கதியற்றவர் என்று வருகிறது. பேச்சுக்கு அது போதும், சட்டத்துக்குப் போதாது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை ஒருவருக்குக் கதி இருக்கிறதா என்று கேட்பதேயில்லை. இனம், மதம், தேசிய இனம், ஒரு குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து ஆகிய ஐந்தில் ஏதேனும் ஒன்றுக்காகத் துன்புறுத்தப்படுவோம் என்ற தகுந்த அச்சம் அவருக்கு இருக்கிறதா என்று கேட்கிறது. சொந்த நாட்டுக்கு வெளியே இருக்கிறாரா என்று கேட்கிறது. அந்த நாட்டின் பாதுகாப்பை அவரால் நாட முடியாதா என்று கேட்கிறது. ஆகவே வங்கியில் கோடிகள் வைத்திருக்கும் பத்திரிகை முதலாளி அகதி ஆகலாம். வறட்சியில் எல்லாவற்றையும் இழந்து எல்லையைத் தாண்டிய விவசாயி ஆகாமல் போகலாம். கதியற்றவர் யார் என்று நம்மைக் கேட்டால் நாம் விவசாயியைத்தான் கைகாட்டுவோம்.

இந்த வரையறைக்கும் ஒரு வரலாறு உண்டு. முதலில் அது 1951 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன் நடந்த நிகழ்வுகளால் அகதியானவர்களுக்கு மட்டுமே பொருந்தியது. அதையும் ஐரோப்பாவில் நடந்த நிகழ்வுகள் என்று சுருக்கிக்கொள்ள நாடுகளுக்கு உரிமை இருந்தது. 1967ஆம் ஆண்டின் நெறிமுறை அந்தக் காலவரம்பை எடுத்துவிட்டது. ஆனால் துருக்கி ‘ஐரோப்பாவிலிருந்து வருபவர்களே அகதிகள்’ என்ற புவியியல் வரம்பை இன்றும் வைத்திருக்கிறது. லட்சக்கணக்கான சிரியர்களுக்கு அடைக்கலம் தந்த நாட்டில், அந்த நாட்டின் சட்டப்படி அவர்கள் அகதிகள் அல்லர். ‘தற்காலிகப் பாதுகாப்பில்’ உள்ளவர்கள். சொல்லைச் சரிபார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

வரையறை எல்லா இடத்திலும் ஒரே அகலத்தில் இல்லை. ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு 1969இல் செய்துகொண்ட உடன்படிக்கை, அந்நிய ஆக்கிரமிப்பாலும் பொது அமைதியைக் குலைக்கும் நிகழ்வுகளாலும் ஓடிவருபவர்களையும் அகதி என்கிறது. லத்தீன் அமெரிக்காவில் 1984ஆம் ஆண்டின் கார்த்தஹேனா பிரகடனம் அதே திசையில் போனது. இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்து ஆகியவை 1951 உடன்படிக்கையில் கையெழுத்திடவேயில்லை. அந்த நாடுகளில் அகதிகள் இல்லாமலா இருக்கிறார்கள்? வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் முகாம்களைப் பாருங்கள். 2017 ஆகஸ்டுக்குப் பின் சில மாதங்களில் மட்டும் மியான்மரிலிருந்து ஏழு லட்சத்துக்கும் அதிகமான ரோஹிங்கியாக்கள் அங்கு வந்து சேர்ந்தார்கள். உரிமை என்று எழுதப்படாமல், ஏற்பாடு என்ற அளவில் அவர்கள் இருக்கிறார்கள்.

மற்றச் சொற்களை விரைவாகப் பார்த்துவிடலாம். விண்ணப்பம் போட்டு முடிவுக்குக் காத்திருப்பவர் புகலிடம் கோருபவர். வீட்டை விட்டு ஓடியும் நாட்டின் எல்லையைத் தாண்டாதவர் உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர். எந்த நாடும் தன் குடிமகன் என்று ஏற்காதவர் நாடற்றவர். பணம் வாங்கிக்கொண்டு எல்லையைக் கடத்திவிடுவது ஆள்கடத்திவிடல். சுரண்டுவதற்காக ஒருவரைப் பிடித்து வைப்பதும் விற்பதும் மனித வணிகம். தமிழ்ச் செய்திகளில் இந்த இரண்டும் ‘ஆள்கடத்தல்’ என்ற ஒரே சொல்லில் குழம்பிக் கிடக்கின்றன. முதலாவது ஓர் அரசுக்கு எதிரான குற்றம், இரண்டாவது ஒரு மனிதருக்கு எதிரான குற்றம் என்று நினைவில் வையுங்கள்.

‘புலம்பெயர்ந்தவர்’ என்ற சொல்லுக்குச் சர்வதேசச் சட்டத்தில் ஒப்புக்கொண்ட ஒரே வரையறை இல்லை. புள்ளிவிவரத்துக்காக ஐ.நா. பெரும்பாலும் பிறந்த நாட்டை விட்டு வேறு நாட்டில் வாழ்பவரை அப்படி எண்ணுகிறது. அந்தக் கணக்கில் மருத்துவமனை முதலாளியும் கட்டடத் தொழிலாளியும் அகதியும் ஒரே வரிசையில் வருவார்கள். ‘காலநிலை அகதி’ என்பதும் சட்டத்தில் இல்லாத சொல்தான். கிரிபாட்டித் தீவைச் சேர்ந்த ஒருவர் கடல்மட்டம் உயர்வதைக் காட்டி நியூசிலாந்தில் புகலிடம் கேட்டார். அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2015இல் மறுத்தது. பிறகு ஐ.நா. மனித உரிமைக் குழு அவரைத் திருப்பியனுப்பியது சரிதான் என்று முடிவு செய்தது. ஆனால் காலநிலை மாற்றம் உயிருக்கே ஆபத்தாகும் நிலையில் ஒருவரைத் திருப்பியனுப்பக் கூடாது என்ற வாய்ப்பைத் திறந்தும் வைத்தது. சொல் இன்னும் சட்டத்துக்குள் வரவில்லை; வாசல்வரை வந்திருக்கிறது.

படி 2: எண்ணைத் தொடுவதற்கு முன்

மில்லியனைக் கோடியாக மாற்றும்போது கவனம் தேவை. பத்து மில்லியன் ஒரு கோடி. சுழியம் ஒன்று தவறினால் ஒரு நாடே காணாமல் போகும். இதைச் சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: நானும் ஒருமுறை தவறவிட்டிருக்கிறேன்.

அடுத்து, அறிக்கையில் உள்ள எண்களை நீங்களே கூட்டிப் பாருங்கள். ஐ.நா. அகதிகள் உயர் ஆணையத்தின் கணக்குப்படி 2024 முடிவில் உலகில் வலுக்கட்டாயமாக இடம்பெயர்க்கப்பட்டவர்கள் 12.32 கோடிப் பேர். அதன் பிரிவுகள்: சர்வதேசப் பாதுகாப்பு தேவைப்படும் பிறரையும் சேர்த்து அகதிகள் 4.27 கோடி, மோதல்களால் உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர்கள் 7.35 கோடி, புகலிடம் கோருபவர்கள் 84 லட்சம். கூட்டுங்கள். 12.46 கோடி வருகிறது. மொத்தத்தைவிட 14 லட்சம் கூடுதல். அச்சுப் பிழையா? இல்லை. காசாவில் இருக்கும் மக்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே பாலஸ்தீன அகதிகளாகப் பதிவானவர்கள். போரில் மறுபடியும் வீட்டை விட்டுத் துரத்தப்பட்டபோது அவர்கள் உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர்களும் ஆனார்கள். இரண்டு வரிசையிலும் இருக்கும் அவர்களை மொத்தத்தில் ஒருமுறை மட்டுமே எண்ணியிருக்கிறார்கள். ஓர் அடிக்குறிப்புக்குள் பல தலைமுறைக் கதை அடங்கியிருக்கிறது. அடிக்குறிப்பைப் படிக்காமல் அறிக்கையை மூடாதீர்கள்.

உள்நாட்டு இடப்பெயர்வுக்கு இன்னொரு நிறுவனம் 8.34 கோடி என்று எழுதும். ஜெனீவாவில் இயங்கும் உள்நாட்டு இடப்பெயர்வுக் கண்காணிப்பு மையம் அது. யார் பொய் சொல்கிறார்கள் என்று பதற வேண்டாம். அகதிகள் ஆணையம் மோதலும் வன்முறையும் துரத்தியவர்களை மட்டும் எடுக்கிறது. மையம் பேரிடரால் இடம்பெயர்ந்து 2024 முடிவிலும் வீடு திரும்பாத சுமார் 98 லட்சம் பேரையும் சேர்க்கிறது. அவ்வளவுதான்.

இப்போது என்னுடைய பழைய தவறுக்கு வருகிறேன். அதே மையம் 2024இல் பேரிடர்களால் 4.58 கோடி இடப்பெயர்வுகள் நிகழ்ந்ததாகவும் சொல்கிறது. இது தலைக்கணக்கு இல்லை, நகர்வுக் கணக்கு. புயலுக்கு முன் ஒருமுறை, வெள்ளத்துக்குப் பின் ஒருமுறை, நிவாரண முகாமை மூடியபோது ஒருமுறை என்று ஒரே மனிதர் மூன்று முறை நகர்ந்தால் மூன்றாக எண்ணப்படும். ஆண்டு முடிவில் இன்னும் வீடு திரும்பாதவர்கள் எத்தனை பேர் என்பது வேறு எண். குளத்தில் இருக்கும் தண்ணீரும் வாய்க்காலில் ஓடிய தண்ணீரும் ஒன்றா? கூட்டினால் அபத்தம்தான் வரும்.

எல்லைக் கணக்கிலும் இதே சிக்கல் உண்டு. 2015இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளி எல்லைகளில் 18 லட்சத்துக்கும் அதிகமான முறையற்ற கடப்புகள் பதிவானதாக ஒன்றியத்தின் எல்லைக் காவல் அமைப்பான ஃப்ரான்டெக்ஸ் சொன்னது. கிரேக்கத் தீவில் இறங்கிய ஒருவர் கிரேக்கத்தை விட்டு வெளியேறி, பால்கன் நாடுகளைக் கடந்து, ஹங்கேரி வழியாக மறுபடியும் ஒன்றியத்துக்குள் நுழைந்தால் இரண்டாவது முறையும் எண்ணப்பட்டார். பலர் அதை 18 லட்சம் மனிதர்கள் என்றே எழுதினார்கள்.

பெரிய எண்ணைக் கண்டால் வகுத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். 2024இல் பிறந்த நாட்டுக்கு வெளியே வாழ்பவர்கள் 30.4 கோடிப் பேர் என்பது ஐ.நா. மதிப்பீடு. 1990இல் இருந்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் உலக மக்கள்தொகையும் வளர்ந்திருக்கிறது. விகிதமாகப் பார்த்தால் 3.7 சதவீதம். நூறு பேரில் தொண்ணூற்றாறு பேர் பிறந்த நாட்டிலேயே இருக்கிறார்கள். ‘உலகமே கிளம்பிவிட்டது’ என்று எழுதத் தோன்றும்போதெல்லாம் இந்த விகிதத்தை எடுத்துப் பாருங்கள்.

படி 3: வரைபடத்தை விரியுங்கள்

தொலைக்காட்சியை மட்டும் பார்ப்பவர்களுக்கு அகதிகள் எல்லோரும் படகில் ஐரோப்பாவுக்குப் போவதாகத் தோன்றும். அகதிகளில் மூன்றில் இரண்டு பங்கினர் பக்கத்து நாட்டோடு நின்றுவிடுகிறார்கள். 73 சதவீதத்தினர் குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளில் இருக்கிறார்கள். 2024 முடிவில் அதிகமானோருக்கு இடம் தந்த நாடுகள் ஈரான், துருக்கி, கொலம்பியா, ஜெர்மனி, உகாண்டா. அதிக இடப்பெயர்வு நடந்த நாடு சூடான், சுமார் 1.43 கோடிப் பேர், அவர்களில் பெரும்பாலோர் நாட்டுக்குள்ளேயே. கேமராக்கள் அங்கே குறைவு.

படி 4: கதவு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்

கொள்கை என்ற சொல்லைக் கேட்டதும் கண்ணைச் சுழற்றுபவர்கள் இந்தப் படியைத் தாண்டாமல் இருக்க வேண்டுகிறேன். மற்றப் படிகளை மறந்தாலும் இது ஒன்று கையில் இருந்தால் பாதிச் செய்தி தானாகப் புரியும்.

ஒரு நாட்டுக்குள் நுழைய வேலை, படிப்பு, குடும்பம், மீள்குடியேற்றம், புகலிடம் என்று கதவுகள் இருக்கின்றன. புகலிடக் கதவுக்கு ஒரு விசித்திரம்: பெரும்பாலான நாடுகளில் அதைத் தட்ட வேண்டுமானால் முதலில் உள்ளே வந்திருக்க வேண்டும். புகலிடம் கேட்பதற்கென்று தூதரகங்கள் விசா கொடுப்பதில்லை. எப்படி வருவது?

துருக்கியின் செஷ்மே துறைமுகத்திலிருந்து கிரேக்கத்தின் கியோஸ் தீவுக்குப் பயணிகள் படகு ஓடுகிறது. ஒரு மணி நேரம்கூட ஆகாது. அதே நீர்ப்பரப்பை இரவில் ரப்பர் படகில் கடக்க, டிக்கெட் விலையைப் போலப் பல மடங்கு பணத்தைக் கடத்திவிடுபவரிடம் கொடுத்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். பயணிகள் படகில் ஏறாமல் இவர்கள் ஏன் உயிரைப் பணயம் வைத்தார்கள் என்று புதியவர்கள் கேட்பார்கள். நல்ல கேள்வி. விடை டிக்கெட் கவுன்டரில் இருக்கிறது.

தகுந்த விசாவோ ஆவணமோ இல்லாத பயணியை ஏற்றி வந்தால் விமான நிறுவனமும் கப்பல் நிறுவனமும் அபராதம் கட்ட வேண்டும். அவரைத் திருப்பிக் கொண்டுபோகும் செலவையும் ஏற்க வேண்டும். பல நாடுகளில் இருந்துவந்த இந்த விதியை ஐரோப்பிய ஒன்றியம் 2001இல் ஓர் உத்தரவால் இறுக்கியது. அகதிகள் உடன்படிக்கையின் கடமைகளுக்கு இதனால் பாதிப்பு வராது என்று அந்த உத்தரவின் முகவுரையிலேயே எழுதியிருக்கிறது. கவுன்டரில் நிற்கும் ஊழியரை நினைத்துப் பாருங்கள். எதிரே வரிசையில் இருநூறு பேர். ஒருவரிடம் பாஸ்போர்ட் இருக்கிறது, விசா இல்லை. அவருடைய அச்சம் தகுந்ததா என்று அந்த ஊழியரால் எப்படி விசாரிக்க முடியும்? அது அவர் வேலையும் இல்லை. ஏற்றினால் நிறுவனத்துக்கு அபராதம், ஏற்றாவிட்டால் எந்தத் தண்டனையும் கிடையாது. அவர் தலையை அசைக்கிறார். நாட்டின் எல்லை அந்தக் கவுன்டர்வரை நீண்டு வந்துவிட்டது. மறுக்கப்பட்டவர் எந்த அட்டவணையிலும் இல்லை. பிறகு கடலில் மூழ்கினால் ஒரு அட்டவணையில் வருவார். சர்வதேசப் புலம்பெயர்வு அமைப்பு 2014 முதல் இறந்தவர்களையும் காணாமல் போனவர்களையும் தொகுத்துவருகிறது. 2024இல் அந்த எண்ணிக்கை ‘குறைந்தது 8,938’. அந்தக் ‘குறைந்தது’ என்ற சொல்லை நீங்கள் எழுதும்போது விட்டுவிடாதீர்கள்.

கதவை மூடினால் வருகை நின்றுவிடும் என்பது அமைச்சர்கள் விரும்பும் வாக்கியம். மேற்கு ஜெர்மனி 1955இல் இத்தாலியோடும் 1961இல் துருக்கியோடும் ஒப்பந்தம் போட்டு ‘விருந்தினர் தொழிலாளர்களை’ வரவழைத்தது. விருந்தினர் என்றால் ஒருநாள் கிளம்ப வேண்டும் என்று பொருள். எண்ணெய் நெருக்கடி வந்த 1973இல் ஆள்சேர்ப்பை நிறுத்தியது. அதுவரை ஊருக்குப் போய்விட்டுத் திரும்ப முடியும் என்று நம்பியிருந்தவர்கள், போனால் திரும்ப முடியாது என்றானதும் போகவில்லை. மாறாக மனைவியையும் பிள்ளைகளையும் வரவழைத்துக்கொண்டார்கள். 1980இல் அங்கே வெளிநாட்டவர் தொகை 1973இல் இருந்ததைவிட அதிகம்.

ஒரு கதவைத் திறப்பதும் இதே அளவுக்கு அரசியல்தான். ஐரோப்பிய ஒன்றியம் பெருந்திரளாக வருபவர்களுக்குத் தற்காலிகப் பாதுகாப்பு தரும் உத்தரவை 2001லேயே எழுதி வைத்திருந்தது. 2015இல் சிரியர்கள் வந்தபோது அதை எடுக்கவில்லை. 2022 மார்ச் 4ஆம் தேதி, உக்ரைன் போர் தொடங்கி எட்டு நாள்களில், முதல்முறையாக எடுத்தது. நாற்பது லட்சத்துக்கும் அதிகமானோர் தனித்தனி விசாரணை இல்லாமல் தங்கும் உரிமையும் வேலை செய்யும் உரிமையும் பெற்றார்கள். முடியாது என்று சொல்லப்பட்டவற்றில் எத்தனை உண்மையிலேயே முடியாதவை என்று அன்றுமுதல் நான் சந்தேகத்தோடு பார்க்கிறேன்.

கதவை இன்னொருவர் வீட்டுக்கு மாற்றுவதும் உண்டு. 2016 மார்ச் 18இல் ஐரோப்பிய ஒன்றியமும் துருக்கியும் செய்துகொண்ட உடன்பாட்டில், கிரேக்கத் தீவுகளுக்கு முறையற்று வருபவர்களைத் துருக்கி திரும்ப ஏற்பது, பதிலுக்கு 600 கோடி யூரோ வரை உதவி என்று பேசி முடித்தார்கள். ஆஸ்திரேலியா படகில் வந்தவர்களை நவ்ரு தீவுக்கு அனுப்பியது. இப்படிப்பட்ட செய்தியில் ‘எண்ணிக்கை குறைந்தது’ என்று வந்தால், எங்கே குறைந்தது, வேறு எங்கே கூடியது என்று இரண்டு கேள்வி கேளுங்கள்.

படி 5: அறிவிப்பு, சட்டம், நடப்பு என்று மூன்றாகப் பிரியுங்கள்

புகலிடம் கோருபவர்களை ருவாண்டாவுக்கு அனுப்பும் திட்டத்தைப் பிரிட்டன் 2022 ஏப்ரலில் அறிவித்தது. ஜூனில் முதல் விமானம் புறப்படும் முன் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தலையிட்டது. 2023 நவம்பரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் திட்டம் சட்டவிரோதம் என்றது. 2024 ஏப்ரலில் அரசு புதுச் சட்டம் இயற்றியது. ஜூலையில் வந்த புதிய அரசு திட்டத்தையே கைவிட்டது. இரண்டே கால் ஆண்டுகளில் எண்ணற்ற தலைப்புகள் வந்தன. கட்டாயமாக அனுப்பப்பட்டவர் ஒருவர்கூட இல்லை. அறிவிப்பு வந்த அன்றே ‘அனுப்பப்படுவார்கள்’ என்று எழுதியவர்கள் கடைசிவரை திருத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

எந்த ஆவணம் கட்டுப்படுத்தும், எது கட்டுப்படுத்தாது என்றும் பாருங்கள். 1951 உடன்படிக்கை கையெழுத்திட்ட நாடுகளைக் கட்டுப்படுத்தும். அதன் 33ஆம் பிரிவு, உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள இடத்துக்கு அகதியைத் திருப்பியனுப்பக் கூடாது என்கிறது. ஆபத்திலிருந்து நேராக வந்து தாமதமின்றி அதிகாரிகளிடம் ஒப்படைத்துக்கொண்டவரை, அனுமதியின்றி நுழைந்ததற்காகத் தண்டிக்கக் கூடாது என்கிறது 31ஆம் பிரிவு. ‘சட்டவிரோத அகதி’ என்று எழுதக் கை போகும்போது இந்தப் பிரிவை நினைத்துக்கொள்ளுங்கள். மாறாக, 2018 டிசம்பரில் 152 நாடுகள் ஐ.நா. பொதுச் சபையில் ஆதரித்த புலம்பெயர்வுக்கான உலக உடன்பாடு சட்டப்படி கட்டுப்படுத்தாதது. அது தங்கள் இறையாண்மையைப் பறித்துவிடும் என்று சில நாடுகளில் நடந்த கூச்சலைப் பார்த்தால், ஆவணத்தைத் திறந்தே பார்க்காமல் எத்தனை பேர் பேசினார்கள் என்பது தெரியும்.

படி 6: பணம்

குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளுக்கு வெளிநாடுகளில் உழைப்பவர்கள் 2024இல் அனுப்பிய தொகை சுமார் 68,500 கோடி டாலர் என்பது உலக வங்கியின் மதிப்பீடு. அது அதிகாரபூர்வ வழிகளில் பதிவான பணம் மட்டும். 200 டாலர் அனுப்பச் சராசரியாக 6 சதவீதத்துக்கும் மேல் கட்டணமாகப் போகிறது. 2030க்குள் அதை 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவருவது நீடித்த வளர்ச்சி இலக்குகளில் ஒன்று. ஒரு கொள்கையைப் பற்றிப் படிக்கும்போது யார் செலவு, யார் வரவு என்று ஒரு வரி எழுதிவையுங்கள்.

படி 7: வந்த பிறகு என்ன ஆகிறது

அகதி நிலைக்கு மூன்று முடிவுகள் உண்டு என்று பாடநூல்கள் சொல்லும்: ஊர் திரும்புவது, தஞ்சம் புகுந்த நாட்டிலேயே கலந்துவிடுவது, மூன்றாவது நாட்டில் மீள்குடியேறுவது. மூன்றாவதுதான் படங்களில் வரும். 2024இல் மீள்குடியேறியவர்கள் சுமார் 1.88 லட்சம் பேர். அது பல ஆண்டுகளில் இல்லாத உயர்வு. அப்படியும் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் பொறுப்பில் உள்ள அகதிகளில் ஆயிரத்துக்கு ஆறு பேர்தான். மறு ஆண்டு ஜனவரியில் அமெரிக்கா தன் அகதி அனுமதித் திட்டத்தை ஒரே நிர்வாக ஆணையால் நிறுத்திவைத்தது. நேர்காணல் முடித்து, விமான டிக்கெட் கையில் வைத்திருந்தவர்களும் காத்திருப்போர் பட்டியலுக்குத் திரும்பினார்கள்.

மற்றவர்கள் இருக்கும் இடத்திலேயே வயதாகிறார்கள். கென்யாவின் தாதாப் முகாம்கள் 1991இல் தற்காலிகமாகத் தொடங்கப்பட்டவை. அங்கு பிறந்தவர்களுக்கு அங்கேயே பிள்ளைகள் இருக்கிறார்கள். வேறு வழியும் உண்டு என்று காட்டிய நாடுகள் பணக்கார நாடுகள் அல்ல. உகாண்டாவின் 2006ஆம் ஆண்டுச் சட்டம் அகதிகளுக்கு வேலை செய்யவும் நாட்டுக்குள் நடமாடவும் உரிமை தருகிறது. குடியிருப்புகளில் சிறு நிலத்துண்டும் கிடைக்கும். கொலம்பியா 2021இல் வெனிசுவேலாவிலிருந்து வந்தவர்களுக்குப் பத்தாண்டு தங்கும் அனுமதியைக் கொண்டுவந்தது. உதவி நிதி குறையும்போது இந்த ஏற்பாடுகள் தள்ளாடுவதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

எழுதுபவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. ‘அகதிகள் வெள்ளம்’, ‘படையெடுப்பு’, ‘அலை’ என்று கை தானாகப் போகும். வெள்ளத்துக்கு அணை கட்டுவார்கள், படையெடுப்புக்குத் துப்பாக்கி எடுப்பார்கள். உவமை தேர்ந்தெடுத்தவுடன் தீர்வையும் தேர்ந்தெடுத்துவிடுகிறோம். புகலிட வழக்கு நடக்கும் ஒருவரின் பெயரையோ, ஊரையோ, முகத்தையோ அவர் சம்மதித்தாலும் வெளியிடத் தயங்குங்கள். ஊரில் விட்டுவந்த தாயை அந்தப் புகைப்படம் தேடிப் போகலாம்.

படி 8: ஒருவரைப் பின்தொடருங்கள்

இப்போது நோட்டுப் புத்தகத்தைத் திறங்கள். மூன்று நெடுவரிசை போடுங்கள்: ஆண்டு, அவர் நிற்கும் இடம், அவருடைய பெயர். கற்பனைக்கு சிரியாவின் அலெப்போ நகரில் படித்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம்.

2012. வீதியில் குண்டு விழுகிறது. குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போகிறார். பெயர்: உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர்.

2014. எல்லையைத் தாண்டித் துருக்கிக்குப் போகிறார். பெயர்: தற்காலிகப் பாதுகாப்பில் உள்ளவர்.

2015 ஆகஸ்ட். ரப்பர் படகில் கிரேக்கத் தீவு. எல்லைக் காவலரின் படிவத்தில், முறையற்ற வழியில் நுழைந்தவர். ஹங்கேரி எல்லையில் மறுபடியும் அதே பெயர். எண்ணிக்கையில் இப்போது அவர் இரண்டு பேர்.

2015 அக்டோபர். ஜெர்மனியில் ஒரு விளையாட்டு அரங்கில் மடக்குக் கட்டில். பெயர்: புகலிடம் கோருபவர்.

2016. கடிதம் வருகிறது. பெயர்: அகதி. அவருக்கே முதல் முறையாகச் சட்டம் அந்தச் சொல்லைக் கொடுக்கிறது. அண்டைவீட்டார் முதல் நாளிலிருந்தே அப்படித்தான் அழைத்தார்கள்.

2024. ஜெர்மன் குடியுரிமை. அகதிகள் அட்டவணையிலிருந்து அவர் பெயர் நீங்குகிறது. அந்த ஆண்டு ‘அகதிகள் குறைந்தனர்’ என்று எங்கோ ஒரு வாக்கியம் வந்தால் அதில் அவரும் ஓர் அணு. பிறந்த நாட்டை வைத்து எண்ணும் அட்டவணைகளில் மட்டும் அவர் இன்னும் புலம்பெயர்ந்தவர். பிறந்த நாட்டுக்கே திரும்பி வாழாதவரை அதில் இருப்பார்.

2024 டிசம்பர் 8ஆம் தேதி சிரியத் தலைநகர் டமாஸ்கஸில் ஆட்சி கவிழ்ந்தது. சில மாதங்கள் கழித்து அவர் அலெப்போவில் பழைய வீட்டைப் பார்க்கப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் இரண்டு வரிசைகள். கையில் ஜெர்மன் பாஸ்போர்ட். வெளிநாட்டவர் வரிசையில் நின்று, வருகையின் நோக்கம் என்று கேட்கும் கட்டத்துக்கு எதிரே என்ன எழுதுவது என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசிக்கிறார். உங்கள் நோட்டிலும் அந்த வரியை இப்போதைக்குக் காலியாக விட்டுவையுங்கள்.